சித்தப்பா எப்படி இறந்தார் என்று இன்னும் எழுதவில்லை. இந்த மரண விசாரணை எதற்காக?

லிந்துலைப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், இந்த மாதிரி அனுபவப்பட்டவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் எங்கள் சித்தப்பா இறந்துவிட்டார். வயது 51. தேயிலைத் தோட்டத்தில் வேலை. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் போடுகிற இடத்துக்கு) போனார், கான் (வடிகால்) வெட்டத்தான் பேர் போட்டிருந்தார்கள். பத்து மணித் தேத்தண்ணிக்கு மற்றவர்கள் ரோட்டுக்கு ஏறி வந்தபோது இவர் வரவில்லை. தேடிப் போனால் கானுக்குள் குப்புறக் கிடக்கிறார், மம்பட்டி நாலு அடி தள்ளிக் கிடக்கிறது. நெற்றியில் ஒரு சின்னக் கீறல், மற்றபடி காயம் எதுவும் இல்லை. நோய் நொடி என்று டிஸ்பென்சரிப் பக்கம் போகாத மனுஷன்.

பொலிஸ் வந்தது, பிரேதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை வரை பிரேத அறையில் வைத்திருந்தார்கள், நாங்கள் இரண்டு ராத்திரியும் அந்த வாசல் பெஞ்சிலேயே இருந்தோம். திங்கள் காலை மரண விசாரணை அதிகாரி வந்து பக்கத்து விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து சித்தியைக் கூப்பிட்டார். குடிப்பாரா, சீனி வியாதி உண்டா, யாரோடாவது சண்டையா, வீட்டில் பிரச்சினையா, கடன் இருக்கா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். "வீட்டில் பிரச்சினையா" என்று கேட்டதும் சித்தி அப்படியே உடைந்துபோய், "என் புருஷனை நானா கொன்னேன்" என்று அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசியில் காரணம் தெரியவில்லை, உறுப்புகளைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம், எரிக்க வேண்டாம், புதையுங்கள் என்றார்கள். கருமாதியும் முடிந்துவிட்டது. ஒரு தகவலும் இல்லை.

என் கேள்வி இதுதான். எங்கள் மேல் சந்தேகப்பட்டா இதையெல்லாம் கேட்டார்கள்? கேஸ் என்று ஒன்று இல்லாதபோது இந்த விசாரணை யாருக்காக? லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பெரியவர்கள் முதலிலேயே சொன்னார்கள், "சந்தேகம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுக்கொடு, பொடியை (பிரேதத்தை) உடனே தருவாங்க" என்று. அதைக் கேட்டிருக்கலாமோ என்று சித்தி இப்போது நினைக்கிறார்.

நீதிமன்றப் படிக்கட்டு:

தங்கச்சி, முதலில் சித்தியிடம் ஒன்றைச் சொல்லுங்கள், அவரை யாரும் சந்தேகப்படவில்லை. ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் 14 வருஷம் எழுதுவினைஞனாக இருந்தேன், இந்தக் கேள்விகளை அதிகாரிகள் கேட்பதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். வயதுபோன ஆள் ஆற்றில் விழுந்து இறந்தாலும் இதே கேள்விதான், குளவி கொட்டி இறந்தாலும் இதே கேள்விதான்.

இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 370ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டாலோ, மிருகத்தாலோ இயந்திரத்தாலோ விபத்தாலோ இறந்தாலோ, திடீரென்று இறந்தாலோ, காரணம் தெரியாமல் இறந்தாலோ, தகவல் கிடைத்ததும் மரண விசாரணை அதிகாரி பிரேதம் இருக்கிற இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும், உடம்பில் உள்ள காயம், முறிவு, கண்டல் எல்லாவற்றையும் எழுத வேண்டும், எப்படி இறந்ததாகத் தோன்றுகிறது என்று ஒரு அறிக்கை தயாரித்து நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சித்தப்பா விஷயத்தில் "திடீர்" இருக்கிறது, "காரணம் தெரியாது" இருக்கிறது. அதிகாரி நினைத்தாலும் அதைச் செய்யாமல் விட முடியாது.

இது வழக்கு இல்லை. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) என்று ஒருவரும் கிடையாது, யாரையும் குற்றவாளி என்று அங்கே சொல்வதும் இல்லை. இறந்தது யார், எங்கே, எப்போது, எப்படி, அவ்வளவுதான் கேள்வி. அந்த "எப்படி"க்குப் பதில் தேடும்போது வேறு ஒருவரின் கை இருப்பதாகத் தெரிந்தால் அப்போதுதான் நீதவானும் பொலிஸும் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். குடிப்பாரா, கடன் இருக்கா என்று கேட்டது ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு வருவதற்கு. ஆனாலும் அந்த நேரத்தில் அதைக் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது, அதில் எனக்கும் கோபம் உண்டு. இரண்டு நாள் தூங்காமல் வாசலில் இருந்த ஒரு பெண்ணிடம், "அம்மா, இது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்" என்று ஒரு வார்த்தை முன்னால் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

எரிக்க வேண்டாம் என்று சொன்னதும் அதற்காகத்தான். காரணம் முடிவாகாத நேரத்தில் புதைக்கச் சொல்வதுதான் வழக்கம். பிறகு ஒரு சந்தேகம் வந்தால் நீதவான் உத்தரவில் தோண்டி எடுத்துத் திரும்பப் பார்க்கலாம். 2021இல் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய் எரிகாயத்தோடு இறந்த நம்ம டயகமப் பிள்ளையை மறந்திருக்க மாட்டீர்கள், 16 வயது. டயகமவில் புதைத்த பிறகு அந்த ஜூலை 30ஆம் தேதி தோண்டி எடுத்துப் பேராதனையில் இரண்டாம் தடவை பரிசோதித்தார்கள். எரித்திருந்தால் அந்தக் கதவே இல்லை. ரக்பி வீரர் வசீம் தாஜுதீன் 2012இல் இறந்தபோது முதலில் கார் விபத்து என்றுதான் இருந்தது. 2015இல் தோண்டி எடுத்தார்கள், 2016இல் நீதவான் அதைக் கொலை என்றார்.

பசறைக்காரன்:

மேலே அண்ணன் எழுதியது எல்லாம் சட்டப் புத்தகத்தில் சரி. ஆனால் தோட்டத்து ஆளுக்கு நடக்கிறது வேறு. எங்கள் பக்கத்தில் பிரேதத்தை எடுக்க வாகனம் பிடிக்க வேண்டும், டொக்டர் இல்லை என்றால் வேறு ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும், அதற்கும் வாகனச் செலவு நம் தலையில். நாள் சம்பளக்காரன் நாலு நாள் அலைந்து கடைசியில் கிடைக்கிறது என்ன, ஒரு துண்டுக் காகிதம். போன உயிர் வரப்போகிறதா? பெரியவர்கள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் என் கருத்து. முகம் பார்க்கிற மாதிரி இருக்கும்போதே பிள்ளைகளிடம் பிரேதத்தைக் கொடுக்க வேண்டும், அதுதான் மனிதத்தன்மை.

பீலிக்கரை:

பசறைத் தம்பி, நீங்கள் சொல்கிற அலைச்சல் எல்லாம் உண்மை. ஆனால் நாங்கள் ஒரு தடவை அந்தக் குறுக்கு வழியில் போனோம், அதைச் சொல்கிறேன், இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

2009. அப்பா சாயங்காலம் மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போனார். இருட்டின பிறகும் வரவில்லை. லாம்பு எடுத்துக்கொண்டு போனபோது வேலியோரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார், உடம்பு இன்னும் சூடாக இருந்தது. தூக்கி வந்தோம். வந்து பார்த்தவர்கள் நெஞ்சுவலி என்றார்கள், அவருக்கு முன்னமே நெஞ்சு எரிச்சல் இருந்தது, நாங்களும் தலையாட்டினோம். பொலிஸுக்குச் சொன்னால் பொடியை வெட்டுவார்கள், மூன்று நாள் இழுக்கும் என்று பயம். அம்மா, "அவரை வெட்ட விடாதீங்கடா" என்று காலைப் பிடித்து அழுதார்.

குளிப்பாட்டினது நானும் என் தாய்மாமாவும். வலது கையைத் தேய்த்துக் கழுவும்போது ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் ஒரு தழும்பு. பட்டாணி அளவுதான். வட்டமாக, நடுவில் வெள்ளையாகக் குழிந்து, ஓரம் கறுத்து இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. மாமாவைப் பார்த்தேன், மாமா என்னைப் பார்த்தார். வெளியே தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மாமா அந்தக் கையை மடக்கி வேட்டித் துணிக்குள் வைத்தார். அன்று சாயங்காலமே எரித்துவிட்டோம்.

அந்த வேலிப் பக்கம் பன்றிக்குக் கரண்டுக் கம்பி போடுகிற பழக்கம் இருந்தது. யார் போட்டது, அன்று ராத்திரி கம்பியில் கரண்டு இருந்ததா, அந்தத் தழும்பு அதுதானா, எனக்குத் தெரியாது. நான் யார் மேலும் பழி போடவும் இல்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அதை என் கையாலேயே எரித்தேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, யாராவது என் வலது கையைப் பிடித்துக் கை குலுக்கினால் எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வரும்.

அது கம்பியாக இருந்திருந்தால் அடுத்த வாரம் அதே வேலியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கை வைத்திருக்கலாம். விசாரணை நடந்திருந்தால் யாராவது போய் அந்தக் கம்பியைக் கழற்றியிருப்பார்கள்.

பிள்ளை, உங்கள் சித்தி செய்தது சரி. ஆயிரம் தடவை சரி.

பிரேத அறைக்குப் பக்கத்தில்:

நான் ஒரு அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், டொக்டர் இல்லை. "உறுப்புகளை அனுப்புகிறோம்" என்பது பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் இதில்தான் அதிகம் பயப்படுகிறார்கள், முழு உறுப்பையும் எடுத்து வித்துவிடுவார்கள் என்றுகூட நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

சட்ட வைத்திய அதிகாரி உடம்பைத் திறந்து பார்க்கும்போது கண்ணுக்குக் காரணம் தெரிந்தால், உதாரணத்துக்கு மூளைக்குள் இரத்தக்கசிவு, இருதயக் குழாயில் பெரிய அடைப்பு, அன்றே எழுதிவிடுவார். தெரியாதபோது இரண்டு வழி. இருதயம், நுரையீரல், மூளை போன்றவற்றிலிருந்து துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க அனுப்புவார், சில சமயம் இருதயத்தை முழுசாகவே வைத்துப் பார்க்க வேண்டி வரும். இரத்தம், சிறுநீர், இரைப்பையில் இருந்தது, ஈரல் துண்டு, இவை விஷம் இருக்கிறதா என்று பார்க்கப் பத்தரமுல்லையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். நாட்டில் எல்லா மாவட்டத்துக் கேஸும் அங்கே போய்ச் சேர்வதால் மாதக்கணக்கில் ஆகும். மூன்று வாரத்தில் பதில் வராதது உங்களை ஏமாற்றுவதற்காக இல்லை.

ஒரு கேள்வி. சித்தப்பா வேலை செய்த மலையில் அந்த நாட்களில் பூச்சிமருந்தோ களைமருந்தோ அடித்தார்களா? அப்படி இருந்தால் அது கட்டாயம் வாக்குமூலத்தில் இருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் "எல்லா விஷத்தையும் பார்" என்று ஒரு பொத்தான் கிடையாது, எதைத் தேட வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பசறைத் தம்பி "துண்டுக் காகிதம்" என்றாரே, அதற்காக. 1995இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலையால் இறந்தார்கள், உலகத்திலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று, அதில் பெரும்பங்கு பூச்சிமருந்து, களைமருந்து. எந்த மருந்து குடித்தவர்கள் பிழைக்கிறார்கள், எதைக் குடித்தவர்கள் பிழைப்பதில்லை என்பது ஆஸ்பத்திரிப் பதிவுகளிலும் இந்த மரண விசாரணைக் காகிதங்களிலும் இருந்துதான் தெரிய வந்தது. அதை வைத்துக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பராகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் மூன்றும் 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டன. இறப்பு பாதிக்கும் கீழே வந்தது. அந்தத் துண்டுக் காகிதங்களால் இன்று நம் லயங்களில் உயிரோடு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள் தம்பி.

கொழுந்துக்கூடை (லண்டன்):

நான் பொகவந்தலாவையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். என் மனைவியின் அக்கா இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சாதாரண சத்திரசிகிச்சை முடிந்து நாலாம் நாள் ராத்திரி இறந்துபோனார். அப்போதுதான் கொரோனர் (இங்கே மரண விசாரணை அதிகாரிக்குப் பெயர்) விசாரணை என்றால் என்ன என்று படித்தேன். நம்ம நாட்டு முறையே இங்கிருந்து போனதுதான். இங்கே கொரோனர் பதவி 1194இல் தொடங்கியது, ஆரம்பத்தில் ராஜாவுக்குச் சேர வேண்டிய பணத்தைக் காப்பதற்காக வந்த ஆள், காலப்போக்கில் செத்தவனுக்காகப் பேசுகிற ஆளாக மாறியிருக்கிறார்.

இங்கேயும் அதே நாலு கேள்விதான். யார், எப்போது, எங்கே, எப்படி. யார் மேல் குற்றம், யார் நட்டஈடு தர வேண்டும் என்று கொரோனர் தீர்ப்பில் சொல்லக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. எனக்கு முதலில் ஆத்திரம், யாரையும் தண்டிக்காத ஒரு விசாரணை எதற்கு என்று. ஆனால் அன்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த இரவு கடமையில் இருந்த தாதி கையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு நேரம் நேரமாக வாசித்தார். இரண்டு மணிக்குப் பார்த்தேன், அடுத்தது ஐந்தே முக்காலுக்கு. நடுவில் யாரும் பார்க்கவில்லை என்பதை அவர் வாயாலேயே சொன்னார். வழக்குப் பயம் இருக்கிற இடத்தில் அந்த வாக்கியம் அவ்வளவு லேசில் வெளியே வராது. என் மனைவி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள், "அக்கா கூப்பிட்டாளா?" என்று. குடும்பத்தாருக்குக் கேள்வி கேட்க இங்கே உரிமை இருக்கிறது.

பிறகு கொரோனர் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். இதே மாதிரி இன்னொருவர் இறக்காமல் இருக்க நடவடிக்கை வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அப்படி அனுப்ப வேண்டியது அவர் கடமை, அனுப்பப்பட்டவர்கள் 56 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இலங்கையில் இப்படி ஒரு கட்டாயம் வந்தால் தோட்டங்களில் குளவிக் கூட்டுக்குக் கீழே ஆளை இறக்கி விட்டுக் கொழுந்து பறிக்கச் சொல்கிறவர்கள் ஒரு நிமிஷமாவது யோசிப்பார்கள்.

இங்கேயும் மாதக்கணக்கில்தான் இழுக்கும் தங்கச்சி, எங்களுக்கு ஒன்பது மாதம் ஆனது. ஒரு வித்தியாசம், உடலை முன்னமே கொடுத்துவிட்டார்கள், விசாரணை முடிகிற வரை பாவிக்க ஒரு இடைக்காலச் சான்றிதழும் தந்தார்கள்.

நீதிமன்றப் படிக்கட்டு:

லண்டன் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மனசு கனத்துப்போனது. தங்கச்சிக்கு இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம்.

சித்தப்பா வேலை நேரத்தில், வேலைத்தலத்தில் இறந்தார். வேலையால் ஏற்பட்ட மரணம் என்று பிறகு தெரிந்தால் 1934இலிருந்து இருக்கிற தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் சித்தி கேட்கலாம். அங்கே முதலில் பார்ப்பது இந்த மரண விசாரணை அறிக்கையைத்தான். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணம் எப்படியும் வரும், அதற்கு இறந்த காரணம் பிரச்சினை இல்லை. ஆனால் நட்டஈடு அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது. "சந்தேகம் இல்லை, நெஞ்சுவலி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்குப் பிறகு எந்தச் சட்டத்தரணி வந்தாலும் கஷ்டம்.

இரண்டாவது, சித்தியின் வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது? நான் பார்த்த முக்கால்வாசிக் கேஸில் அம்மாமார் தமிழில் சொல்வார்கள், சிங்களத்தில் எழுதுவார்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு அம்மா, "விறகு பொறுக்கப் போனார்" என்று சொன்னது "விறகு வெட்டப் போனார்" என்று பதிவாகி, மரத்திலிருந்து விழுந்த கதையாகவே மாறிப்போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். விட்டுப்போனது இருந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம். நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதியும் எடுக்கலாம். பொலிஸ் தந்த இலக்கம் இருந்தால் அதைக் கொண்டுபோங்கள், கையில் இலக்கம் இல்லாமல் போனால் ஒவ்வொரு மேசையாக அனுப்புவார்கள்.

பசறைக்காரன்:

பீலிக்கரை அண்ணன் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் வாகனச் செலவையும் நாலு நாள் அலைச்சலையும் பற்றிச் சொன்னதை வாங்கமாட்டேன், ஏனென்றால் அந்தக் கஷ்டத்தால்தான் எங்கள் ஆட்கள் பொய் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்கள். சனிக்கிழமை செத்தாலும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஒரு டொக்டர் இருக்க வேண்டும். தோட்ட மரண உதவிச் சங்கங்கள் பெட்டிக்கும் பந்தலுக்கும் காசு தருகிற மாதிரி இதற்கும் ஒரு தொகை ஒதுக்கலாம், எங்கள் சங்கத்தில் அடுத்த கூட்டத்தில் நானே பேசுகிறேன்.

லிந்துலைப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னியுங்கள், நேற்று முழுக்க அலைச்சல்.

நீங்கள் எழுதியதை எல்லாம் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். பீலிக்கரை அண்ணன் எழுதியதை வாசிக்கும்போது அவர் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து, "மருந்து அடிச்சாங்கதானே, அதுக்கு முந்தின நாள், அதே மலையில, புல்லுக்கு" என்றார். நான் அசந்துபோனேன். இதை ஏன் அன்று சொல்லவில்லை என்றால், "அவங்க கேக்கலையே, குடிப்பாரான்னுதானே கேட்டாங்க" என்கிறார்.

நேற்று நானும் தம்பியும் சித்தியோடு பொலிஸுக்குப் போனோம். வாக்குமூலம் சிங்களத்தில்தான் இருந்தது. தமிழ் தெரிந்த ஒரு உத்தியோகத்தர் இருந்தார், நல்ல மனுஷன், உட்கார வைத்து வரி வரியாக வாசித்துச் சொன்னார். மருந்து பற்றி ஒரு சொல் இல்லை. கான் வெட்டப் போனார் என்பதும் இல்லை, "தோட்டத்தில் விழுந்து கிடந்தார்" என்று மட்டும் இருந்தது. மேலதிக வாக்குமூலம் கொடுத்தோம். எந்த மலை, எத்தனை மணி, யார் பேர் போட்டது, முந்தின நாள் மருந்துக் கலன் சுமந்தவர்கள் எத்தனை பேர், எல்லாம் சித்தி நிதானமாகச் சொன்னார், அழவில்லை. தமிழிலேயே எழுதினார்கள். எழுதி முடித்ததும் என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கடைசி வரி வரை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மருந்துதான் காரணம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. இருதயமாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை நீதிமன்றத்துக்குப் போகிறோம், பிரதிக்கு விண்ணப்பிக்க. நீதிமன்றப் படிக்கட்டு அண்ணா, அந்த விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாமா, யாருக்கு என்று விலாசம் போட வேண்டும்?

நீதிமன்றப் படிக்கட்டு:

தமிழிலேயே எழுதுங்கள். பதிவாளர், நீதவான் நீதிமன்றம் என்று போடுங்கள். இறந்தவர் பெயர், இறந்த தேதி, பொலிஸ் நிலையம், இலக்கம், நீங்கள் என்ன உறவு, இவ்வளவு போதும். சித்தியின் அடையாள அட்டையையும் கல்யாணச் சான்றிதழையும் கொண்டுபோங்கள். காலை ஒன்பதுக்கு முன்னால் போய் நில்லுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு போனால் அடுத்த நாள் வரச் சொல்வார்கள்.